கேள்வியா? ஒற்றா?

துறைச் சிறப்பு மலருக்குக் கட்டுரை கேட்கப்படும் போதெல்லாம் சங்க இலக்கியத்திலோ சிற்றிலக்கியத்திலோ ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எழுதுவதே என் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்றும் சற்று விலகுகின்றேன். தமிழ் படித்தவள் என்னும் பெருமிதம் ஒருமுறை என்னை வழுக்கி விழச் செய்த கதையை மாணவச் செல்வங்களுக்கும் உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அது ஒரு தடுப்பூசியைப் பற்றிய கதை. மக்கள் சமூக ஊடகங்களில் பேசிக்கொள்வதைத் திரட்டி எண்ணிப் பார்த்து, ஒரு சுகாதாரப் பரப்புரை வென்றதா தோற்றதா என்று முடிவு கட்ட இயலுமா என்னும் இக்கால வினாவும் அக்கதைக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

ஊரும் வீடும்

என் ஊர் நாசரேத். தாமிரபரணிப் பாசன வயல்களுக்கும் தேரிக்காட்டுச் செம்மணலுக்கும் இடையே அமைந்த சிற்றூர். 1870இல் மருத்துவர் ஸ்டிராச்சன் தொடங்கிய மருத்துவப் பணியின் வழியே வளர்ந்த தூய லூக்கா மருத்துவமனையும், அவருக்குப் பின் வந்த மர்காஷிஸ் ஐயர் பேணி வளர்த்த கல்விச் சாலைகளும் இவ்வூருக்குப் பெயர் தந்தன. கிறித்தவப் பெருமக்கள் நிறைந்த ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பம் எங்களுடையது. உம்மாவின் பிறந்தகம் காயல்பட்டினம். அவ்வழி உறவினர் சிலர் கொழும்பில் வாழ்கின்றனர். சிலர் சென்னை மண்ணடியில். இளைய தலைமுறையினர் துபாயில். திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயிலில் கல்லூரிக்கு வந்துபோகும் எனக்கு, இத்தனை ஊர்களையும் ஒரே முற்றத்தில் கூட்டிவைத்தது கைப்பேசியிலுள்ள வாட்ஸ்அப் குழுதான். பெருநாள் வாழ்த்தும் பிள்ளை பிறந்த செய்தியும் மவுத்துச் செய்தியும் அதில்தான் வரும். வருவது எதுவாயினும் வீட்டார் சொல்லாகவே தோன்றும். அந்த நெருக்கமே அதன் வலிமை. அதுவே அதன் தீங்கும் ஆயிற்று.

மூன்று குழுக்களும் ஒரு குரலும்

2017 பிப்ரவரி 6 அன்று தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கிற்று. ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை முதல் பதினைந்து வயது நிறையாத பிள்ளைகள் வரை ஏறத்தாழ 1 கோடியே 76 லட்சம் பேருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஊசி போடுவது என்பது திட்டம். கர்நாடகம், புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவு ஆகியவையும் அம்முதற்கட்டத்தில் இடம்பெற்றன. சல்லிக்கட்டுக்காக மெரினாக் கடற்கரையில் இளைஞர் திரண்டு முடிந்து சில நாள்களே ஆகியிருந்த காலம் அது. கைப்பேசிச் செய்தி ஓர் அரசையே அசைக்கக்கூடும் என்பதைக் கண்ணாரக் கண்டிருந்தோம். அயல்நாட்டு நிறுவனங்கள் நம் மரபையும் உடலையும் குறிவைக்கின்றன என்னும் ஐயமும் எங்கும் பரவியிருந்தது. ஊசியைப் பற்றிய வதந்தி விழுந்தது அவ்வாறு ஈரமாகியிருந்த மண்ணில்தான்.

என் மகள் அப்போது நான்காம் வகுப்பு. பள்ளியிலிருந்து ஒரு துண்டுத்தாள் வந்தது. ஊசி போடும் நாளை அறிவித்தது. அன்று மாலையே குடும்பக் குழுவில் ஒரு குரற்பதிவும் வந்தது. பேசியவர் தம்மை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டார், பெயர் சொல்லவில்லை. இவ்வூசியால் பிள்ளைகள் நலங்கெடுவர், பெண்பிள்ளைகளின் எதிர்காலம் பாழாகும், நம் பிள்ளைகளைச் சோதனைப் பொருளாக்குகின்றனர் என்பது அவர் பேச்சின் சாரம். சான்று ஒன்றும் இல்லை. ஆனால், என்ன தமிழ்! வல்லினமும் மெல்லினமும் பிசகவில்லை. ழகரம் ழகரமாகவே ஒலித்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுத்தார். ழகரத்தைப் பிழையின்றி ஒலிப்பவர் பொய் சொல்லார் என்று உள்மனத்தில் நம்பினேன் போலும். "கவனத்திற்கு" என்று ஒரே சொல்லை மேலே எழுதி, அப்பதிவை மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். ஒன்று, உடன் படித்தோர் குழு. மற்றொன்று, ரயிலில் உடன் வரும் ஆசிரியைகளின் குழு. மூன்றாவது, எங்கள் தெருப் பெண்களின் குழு.

ஊசி போடும் நாளன்று மகளை வீட்டில் நிறுத்திக்கொண்டேன். "காய்ச்சல்" என்று விடுப்புக் கடிதம் எழுதியதும் நானே. பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே "வரவில்லை – காய்ச்சல்" என்றே எழுதப்பட்டிருக்கும். உண்மையில் காய்ச்சல் அவளுக்கு இல்லை. அச்சம் எனக்கு இருந்தது. அச்சத்தைக் காய்ச்சல் என்று எழுதிவைத்த பதிவேட்டை எத்தனை அதிகாரிகள் புரட்டினாலும் உண்மை புலப்படப் போவதில்லை என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

வாசற்படியில் ஒரு செவி

பிப்ரவரி இறுதியில் முடிய வேண்டிய முகாம் மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரு பிற்பகல் எங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்தார். ஊரில் எல்லோரும் அவரை நர்சம்மா என்றே அழைப்போம். வாசற்படியில் அமர்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுட்டா டீச்சர்?" என்றார். நான் தலையசைத்தேன். சற்றுப் பொறுத்து, "என்ன கேள்விப்பட்டீங்க டீச்சர்?" என்றார்.

ஏன் போடவில்லை என்று அவர் கேட்கவில்லை. என்ன கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டார். முதல் வினாவுக்கு என்னிடம் பொய் அணியமாக இருந்தது. இரண்டாம் வினாவுக்குப் பொய் ஏதும் அணியமாக இல்லை. கைப்பேசியை எடுத்து அக்குரற்பதிவை ஒலிக்கவிட்டேன். இடையில் குறுக்கிடாமல், முகம் சுளிக்காமல், இறுதிவரை கேட்டார். கையிலிருந்த குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிக்கொண்டார். "இதத்தான் நாலு வீட்டுல சொன்னாங்க, முழுசா இப்பத்தான் கேக்குறேன். எம் பையனுக்கு மொத நாளே போட்டுட்டேன் டீச்சர். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, ஊசி போட்டா எல்லாத் தாய்க்கும் இருக்கிற பயம்" என்றார். பிறகு, கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் பிள்ளைக்குக் கண்ணிலும் காதிலும் இதயத்திலும் கோளாறு நேரக்கூடும் என்பதை எளிமையாக விளக்கினார். பெண்பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுக்கும் என்று நான் நம்பிய ஊசி, அவர்களின் எதிர்காலத்தைக் காப்பதற்காகவே போடப்படுவது என்பது அப்போதுதான் உறைத்தது. அவ்வாரமே மகளுக்கு ஊசி போடப்பட்டது.

பின்னர் இது குறித்துப் படித்தபோது ஒரு செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ரூபெல்லாவுக்கும் பிறவிக் கண்புரைக்கும் உள்ள தொடர்பை 1941இல் உலகுக்கு அறிவித்தவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். கண்புரையுடன் பிறந்த குழந்தைகளைக் கொண்டுவந்த தாய்மார் சிலர், காத்திருக்கும் அறையில், கருவுற்றிருந்த நாள்களில் தங்களுக்கு அம்மை கண்டதைப் பற்றித் தம்முள் பேசிக்கொண்டதை அவர் செவிமடுத்ததே அதற்குத் தொடக்கம் என்று மருத்துவ வரலாற்றில் சொல்லப்படுகின்றது. இரண்டு தாய்மாரின் பேச்சைப் பெண்கள் அரட்டை என்று ஒதுக்காத ஒரு காது இருந்தமையால் ஓர் உண்மை வெளிப்பட்டது. எங்கள் வாசற்படியில் அமர்ந்திருந்த நர்சம்மாவின் காதும் அவ்வினத்தைச் சார்ந்ததே.

கதை இங்கே முடிந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இராது. அடுத்த தெருவில் முறுக்குச் சுட்டு விற்கும் ஓர் இளம்பெண் இருந்தாள். தெருப் பெண்கள் குழுவில் அவளும் இருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பவள். குழுவில் ஒருநாளும் ஒரு சொல் எழுதியதில்லை. மூன்று வயதில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை. "டீச்சரே அனுப்பியிருக்காங்க, டீச்சர் மகளுக்கே போடல" என்று சொல்லி நர்சம்மாவைத் திருப்பி அனுப்பினாள் என்று பிறகு கேள்வியுற்றேன். நான் மனம் மாறிய செய்தி அவளை எட்டுமுன் கணவனுடன் திருப்பூருக்குக் குடிபெயர்ந்துவிட்டாள். அக்குழந்தைக்கு ஊசி போடப்பட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைவிடக் கொடிது ஒன்று உண்டு. மகளுக்கு ஊசி போட்ட பின்னரும், "நான் அனுப்பியது தவறு" என்று அம்மூன்று குழுக்களில் எதிலும் நான் எழுதவில்லை. கூச்சம் தடுத்தது, விரிவுரையாளர் என்னும் மதிப்புத் தடுத்தது. வதந்தியை அனுப்ப ஒரு நொடி போதுமானதாக இருந்தது. திருத்தத்தை அனுப்ப ஓராண்டு போதவில்லை.

எண்ணிக்கை எதைச் சொல்லும்?

மக்கள் பேச்சை எண்ணும் கலை இன்று ஒரு தனித் துறையாக வளர்ந்துள்ளது. ஒரு பரப்புரைக்கு முன்னும் பின்னும் "தடுப்பூசி", "அம்மை", "பக்கவிளைவு" போன்ற சொற்கள் பொதுவெளியில் எத்தனை முறை எழுதப்பட்டன, எந்த மாவட்டத்தில் மிகுந்தன, ஆதரவாகவா எதிராகவா எழுதப்பட்டன, எந்த வதந்தி எந்த நாளில் கிளம்பிற்று என்பவற்றைக் கணிப்பொறி திரட்டித் தருகின்றது. இலண்டனில் 2010இல் தொடங்கப்பட்ட தடுப்பூசி நம்பிக்கைத் திட்டம் என்னும் ஆய்வுக்குழு இத்தகைய வதந்திகளைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றது. கொரோனாக் காலத்தில், 2020இல், "தகவல் தொற்று" என்னும் சொல்லை உலகெங்கும் பரப்பிய உலக சுகாதார நிறுவனம், மக்கள் பேச்சைத் திரட்டும் ஒரு கருவிக்கு "இயர்ஸ்", அதாவது "காதுகள்" என்று பொருள்படுமாறு பெயரிட்டது. பயன் இல்லாத முயற்சி என்று இதனை ஒதுக்க இயலாது. 2017 பிப்ரவரியில் முதல் இரண்டு நாள்களிலேயே அக்குரற்பதிவின் சாரம் அதிகாரிகள் செவிக்கு எட்டி, அதற்கான மறுமொழி எங்கள் குழுக்களுக்கு வந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். முறுக்குக்காரப் பெண்ணும் தப்பியிருப்பாள்.

ஆயினும் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. இணையத்தில் மக்கள் தேடும் சொற்களைக் கொண்டே காய்ச்சல் பரவலைக் கணிக்கும் முயற்சியைக் கூகுள் நிறுவனம் 2008இல் தொடங்கிற்று. 2012–13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் மருத்துவர்களிடம் உண்மையில் வந்த காய்ச்சல் நோயாளிகளின் அளவைப் போல் ஏறத்தாழ இருமடங்கை அது காட்டியது. 2015இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. காய்ச்சலைத் தேடியவர் எல்லாம் காய்ச்சல் கண்டவர் அல்லர். அவ்வாறே தடுப்பூசியைப் புகழ்ந்து எழுதியவர் எல்லாம் போட்டுக்கொண்டவர் அல்லர். இகழ்ந்தவர் எல்லாம் மறுத்தவரும் அல்லர். கேட்டல், புரிதல், துணிதல், செய்தல் என நான்கு படிகள் உள்ளன. ஊடகப் பேச்சு முதலிரு படிகளின் நிழலைக் காட்டும். நான்காம் படியைச் சுகாதார நிலையத்துப் பதிவேடுதான் காட்டும். அப்பதிவேடும் அச்சத்தைக் காய்ச்சல் என்று எழுதிக்கொள்ளும் என்பதற்கு என் வீடே சான்று.

தமிழ் மாணவர்களுக்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. கணிப்பொறி பெரும்பாலும் மக்கள் பேச்சை ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என மூன்றாகப் பகுக்கின்றது. தொல்காப்பியரோ நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அச்சத்தால் மறுப்பவளும் வெகுளியால் மறுப்பவளும் கணிப்பொறிக்கு ஒன்றே. ஆனால், அச்சத்திற்கு வேண்டுவது ஆறுதல்; வெகுளிக்கு வேண்டுவது நீதி. "ரொம்ப நல்லாயிருக்கு உங்க ஊசி, போட்ட கை தூக்க முடியல" என்று ஒருத்தி எழுதினால் அதனை ஆதரவுக் கணக்கில் சேர்த்துவிடும் கணிப்பொறிக்கு வஞ்சப்புகழ்ச்சியணியைக் கற்பிக்க வேண்டியுள்ளது. தமிழை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோரையும், நம் பெண்கள் பேச்சில் வழங்கும் தனிச் சொற்களையும் அது எவ்வாறு பிடிக்கும்? செய்யுள் உறுப்புகளைத் தொகுத்த இடத்தில் தொல்காப்பியர் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவற்றுடன் எச்சத்தையும் சேர்த்தார். சொல்லாமல் விட்டதும் செய்யுளின் உறுப்பே. குழுவில் ஒருநாளும் ஒரு சொல் எழுதாத அம்முறுக்குக்காரப் பெண்ணே எங்கள் தெருவின் எச்சம். வாட்ஸ்அப் போன்ற மூடிய குழுக்களில் நடப்பதைப் பொதுவெளியை எண்ணும் கருவிகள் காண மாட்டா. அங்கும் பேசாதவர் நெஞ்சில் இருப்பதை எதனால் காண இயலும்?

கண்காணிப்பு என்னும் சொல்

இத்துறையைக் குறிக்கத் தமிழில் "சமூக ஊடகக் கண்காணிப்பு" என்று எழுதுகின்றனர். இச்சொல்லைக் கேட்டதும் நம் சமுதாயத்தார் சற்றே நிமிர்ந்து அமர்வதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் இறுதியில், தில்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் கூட்டத்திற்குச் சென்று திரும்பியவர்களிடையே நோய் காணப்பட்டபோது, ஊடகங்களில் ஒரு சமுதாயமே நோய்க்குப் பொறுப்பு என்பது போல் எழுதப்பட்டது. அக்கூட்டத்திற்கு வந்திருந்த வெளிநாட்டினர்மீது போடப்பட்ட வழக்குகள் சிலவற்றை 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத இடமுண்டு என்று சுட்டியது. ஆனால் ஏப்ரல் மாதத்துச் சொற்களை ஆகஸ்டு மாதத்துத் தீர்ப்பு துடைத்துவிடவில்லை. எங்கள் குடும்பக் குழுவில் அந்நாள்களில் நோயைப் பற்றிய பேச்சே அற்றுப்போயிற்று. "எதுவும் எழுதாதீங்க, யாராவது பார்ப்பாங்க" என்று காக்கா ஒருவர் எழுதினார். இருமல் வந்தவர்கூடச் சொல்லவில்லை. எண்ணும் கருவி ஒன்று அன்று எங்கள் குழுவை எண்ணியிருந்தால், இங்கே ஐயமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை, யாவும் நலம் என்றே கணக்குக் காட்டியிருக்கும். அஞ்சியவர் மௌனம் நலத்தின் அடையாளமன்று.

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. மக்கள் பேச்சைத் திரட்டுவோர் ஆளை அடையாளம் காணாமல் கருத்தை மட்டும் திரட்ட வேண்டும் என்பதற்கு அத்தீர்ப்பு ஒரு வேலி. வேலியைக் காட்டிலும் வலிய காரணம் ஒன்றும் உண்டு. பார்க்கப்படுகிறோம் என்று அஞ்சுபவர் பேசமாட்டார். அவர் பேசாவிடில் அக்கணக்கால் யாருக்கும் பயனில்லை.

உம்மாவின் அச்சம்

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளுமாறு வேண்டினார். ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் காலமானார். நம் தென்பாண்டிச் சீமையின் மைந்தர். அனைவரும் விரும்பிய கலைஞர். அவர் மறைவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே கூறினர். தடுப்பூசிக்குப் பிந்திய விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் அதே ஆண்டு அக்டோபரில் அவ்வாறே முடிவு சொல்லிற்று. ஆனால் ஆறு மாதம் காத்திருக்க வதந்திக்குப் பொறுமை ஏது? குழுக்களில் மீண்டும் குரற்பதிவுகள் வந்தன.

உம்மாவுக்கு அப்போது எழுபது வயது. ஊசி வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார். விவேக் செய்தியால்தான் அஞ்சுகிறார் என்று நான் முடிவு கட்டி, மருத்துவர்களின் விளக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பயன்படவில்லை. பல நாள் கழித்து, மஃரிபுக்குப் பின் அருகில் அமர்ந்திருந்தபோது நர்சம்மாவின் வினா நினைவுக்கு வந்தது. "உம்மா, நீங்க என்னதான் கேள்விப்பட்டீங்க?" என்றேன். உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஊசி போட்டாக் காய்ச்சல் வருமாம்லா. காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாங்க. அங்க மவுத்தாப் போனா, கொழும்புல செஞ்ச மாதிரி செஞ்சுட்டாங்கன்னா?"

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. இலங்கையில் 2020இல் கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரியூட்ட வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியிருந்தது. 2021 பிப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. கொழும்பு உறவினர் குழுவில் அழுது அனுப்பிய செய்திகளை உம்மா ஓராண்டாகக் கேட்டிருக்கின்றார். குளிப்பாட்டி, கஃபனிட்டு, கபரில் வைக்கப்படாமல் போய்விடுவோமோ என்பதே அவர் அச்சம். அது பொய்ச் செய்தியால் விளைந்த அச்சமன்று. உண்மை நிகழ்ச்சியால் விளைந்தது. ஊடகக் கணக்கில் உம்மா "வதந்தியால் தடுப்பூசி மறுப்பவர்" என்றே எண்ணப்பட்டிருப்பார். ஊசியின் நன்மையை ஆயிரம் முறை விளம்பரம் செய்தாலும் அவர் மறுப்பு நீங்கியிராது. நம் நாட்டில் அடக்கத்திற்குத் தடையில்லை என்பதை ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் வீட்டிற்கு வந்து, இவ்வூர்ப் பக்கத்தில் நடந்த அடக்கங்களைச் சொல்லித் தெளிவுபடுத்தினார். 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடெங்கும் முதல் மாபெரும் தடுப்பூசி முகாம் நடந்தது. 20 லட்சம் பேருக்கு என்று குறித்த இலக்கைத் தாண்டி அன்று 28 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டன. அவற்றுள் ஒன்று என் உம்மாவுக்குப் போடப்பட்டது.

வள்ளுவர் காட்டும் வழி

மக்களை நல்வழிப்படுத்த அவர்கள் செவிக்கு இனியதைச் சொன்னால் போதும் என்று எண்ணியோர் முன்பும் இருந்தனர். திருக்குறளுக்கு உரை வரைந்த எல்லீஸ் துரையைத் தமிழ்த்துறை மாணவர்கள் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பசுவம்மைப் பாலைக் குத்திக்கொள்ள மக்கள் தயங்கியபோது, அம்மனுக்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழும் உரையாடலாக அவர் தமிழில் ஒரு நூல் ஆக்கினார். நோக்கம் நல்லது, தமிழும் நல்லது. ஆனால் அது மக்களிடம் பேசும் முயற்சி. மக்களைக் கேட்கும் முயற்சியன்று. கேட்டதனால் விளைந்த வெற்றிக்குச் சான்று, போலியோ ஒழிப்பு. உத்தரப் பிரதேசத்தில் சொட்டு மருந்தை மறுத்த வீடுகளுக்கு மீண்டும் மீண்டும் சென்று, மறுப்பின் காரணத்தைக் குறித்தனர். "சாக்கடை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, சொட்டு மருந்து மட்டும் ஏன் வாசலுக்கு வருகின்றது?" என்னும் முறையீடு அவ்வாறுதான் வெளிவந்தது. இமாம்களும் அலிகர், ஜாமியா பல்கலைக்கழகத்தாரும் அப்பணியில் துணைநின்றனர். 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச் 27 அன்று சான்றும் வழங்கப்பெற்றது.

திருக்குறளில் அரசியல் கூறும் பகுதியில் "கேள்வி" என ஓர் அதிகாரமும் "ஒற்றாடல்" என ஓர் அதிகாரமும் உள்ளன. ஆள்வோர்க்கு இரண்டும் வேண்டும் என்றே வள்ளுவர் வைத்தார். ஒற்றன் சொல்லை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும், மூவர் சொல்லும் ஒத்தாலன்றித் தெளியலாகாது என்பதும் அவர் கருத்து. இன்றைய பரப்புரையை அளப்போர்க்கும் இதுவே நெறியாகும். ஊடகப் பேச்சு ஓர் ஒற்று. ஊசிப் பதிவேடு மற்றோர் ஒற்று. வாசற்படியில் அமர்ந்து கேட்ட செவிலியரின் குறிப்பேடு மூன்றாவது. மூன்றும் ஒத்தால் நம்பலாம். முரண்பட்டால், முரண்படும் இடத்திலேயே உண்மை ஒளிந்திருக்கும். எனினும் ஒற்று ஒருவரைப் பற்றி அறிந்துகொள்ளும்; கேள்வியோ ஒருவரிடமிருந்து அறிந்துகொள்ளும். தமிழில் கேள்வி என்னும் ஒரே சொல் வினவுதலையும் குறிக்கும், செவிமடுத்தலையும் குறிக்கும். வினவிவிட்டுச் செவிமடாதது கேள்வியாகாது.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை ஊடகத்திலும் அரசுப் பணியிலும் ஆய்வுத் துறையிலும் அமர்வீர்கள். மக்கள் பேச்சை எண்ணும் வேலையும் உங்கள் கைக்கு வரலாம். எண்ணுங்கள், ஆனால் எண்ணிக்கையில் வராதவரைத் தேடிச் செல்லுங்கள். ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளியாமல் பிறர்க்கு உரைத்தல் ஆகாது என்பது நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். அழகிய தமிழில் வந்தது என்பதற்காக அவ்வொழுக்கத்தைக் கைவிட்ட ஆசிரியை ஒருத்தியின் கதை உங்களுக்கு எச்சரிக்கையாக அமையட்டும்.

2017 பிப்ரவரியில் நான் அனுப்பிய குரற்பதிவு தவறானது. தட்டம்மை–ரூபெல்லாத் தடுப்பூசியை என் மகளுக்குப் போட்டேன். நலமாக வளர்ந்து நிற்கின்றாள். அம்மூன்று குழுக்களுக்கும் அன்றே அனுப்பியிருக்க வேண்டிய இச்சொற்களை, இத்தனை ஆண்டு கழித்து இம்மலரில் எழுதுகின்றேன். இன்று மாலை ரயிலில் வீடு திரும்பும்போது அக்குழுக்களிலும் எழுதுவேன். திருப்பூரில் எங்கோ வளர்ந்திருக்கும் அச்சிறுமியின் வீட்டை அவை எட்டுமா என்பதை எந்தக் கருவியாலும் எண்ணிச் சொல்ல இயலாது. எட்ட வேண்டும் என்பதே என் துஆ.